லாக்கர் பூட்டிய வண்டியும் நம் குடும்பமும்

வளைகுடா நாடுகளில் குடும்பத்தோடு வாழும் நம்மவர்களிடையே ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. விடுமுறை நாள் வந்தால் போதும். பிரியாணிச் சட்டி, பாய், தண்ணீர்க் கேன், பிள்ளைகளின் பந்து, மட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஹஜர் மலையடிவாரத்து வாதிகளுக்கோ செம்மணல் மேடுகளுக்கோ புறப்பட்டு விடுவார்கள். மழை பெய்தால் மட்டும் நீர் ஓடி, மற்ற நாட்களில் கூழாங்கல்லும் பாறையுமாகக் காய்ந்து கிடக்கும் ஆற்றுப்படுகையைத்தான் அரபு மக்கள் வாதி என்கின்றனர். சாதாரணக் கார் அங்கே போகாது. ஆகவே பழைய நிசான் பேட்ரோலோ, பஜேரோவோ, லேண்ட் குரூசரோ செகண்ட் ஹேண்டில் வாங்கி, வாரம் முழுதும் அதிலேயே அலுவலகமும் பள்ளிக்கூடமும் சென்று, வார இறுதியில் அதையே மலைக்கும் ஓட்டுகிறார்கள்.

இப்படிப்பட்ட ஓர் இல்லத்தில் ஒரு நாள் மாலை, வீட்டுத் தலைவர் தேநீரை உறிஞ்சியபடியே, “வண்டிக்கு லாக்கர் போடலாம் என்றிருக்கிறேன்” என்கிறார். இல்லத்தரசிக்கு லாக்கர் என்றால் வங்கியில் நகை வைக்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். “வண்டியில் வைத்துப் பூட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?” என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. இவர் சொல்லும் லாக்கர் பொருளைப் பூட்டுவதன்று, சக்கரங்களைப் பூட்டுவது. அதன் செலவும் பயனும் தொல்லையும் வீட்டில் எல்லோரையும் தொடுபவை. எனவே இக்கட்டுரையைக் கணவன் மனைவி இருவருமே படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வளைவில் பிறந்த சிக்கல்

மாட்டு வண்டி தெரு முனையில் திரும்புவதைச் சிறு வயதில் கவனித்திருப்பீர்கள். உட்பக்கச் சக்கரம் நின்ற இடத்திலேயே மெல்லச் சுழல, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டமடித்து ஓடி வரும். அச்சில் இரண்டும் தனித்தனியே சுழல்வதால் மாட்டுக்கும் கஷ்டமில்லை, வண்டிக்கும் கஷ்டமில்லை. இரு சக்கரங்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் அகலமுள்ள ஒரு மோட்டார் வண்டி முழு வட்டமடித்தால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தை விட ஏறத்தாழ 9.4 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்த வேறுபாடு மாறாது.

மோட்டார் வண்டியில் சக்கரங்களை என்ஜின் அல்லவா சுழற்றுகிறது? ஒரே தண்டால் இரண்டையும் இறுக்கிச் சுழற்றினால் திருப்பத்தில் ஏதேனும் ஒரு டயர் தரையில் தேய்ந்துகொண்டுதான் வர வேண்டும். இதற்கு விடையாக 1827-ஆம் ஆண்டில் ஒனெசிபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்கென ஒரு பல்சக்கர அமைப்பைக் கண்டறிந்தார். அதுவே டிஃபரன்ஷியல். லாரியின் பின்பக்க அச்சின் நடுவே குடம் போலப் புடைத்திருக்கிறதே, அதனுள்தான் அது குடியிருக்கிறது. கிரவுன் வீல் என்னும் பெரிய பல்சக்கரத்தோடு ஒரு கூண்டு சுழல, அந்தக் கூண்டுக்குள் உள்ள சிறு பல்சக்கரங்கள் இரு பக்கத்து ஆக்சில்களுக்கும் வலிமையைச் சமமாகப் பங்கிட்டுத் தந்து, வேகத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கின்றன.

அந்தச் சமப் பங்கீட்டில்தான் வினை இருக்கிறது. கிணற்றுக் கப்பியில் தொங்கும் கயிற்றின் இரு முனைகளையும் இருவர் பிடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பியை மேலே தூக்கினால் இருவர் கையிலும் ஒரே அளவு இழுப்பு விழும். ஒருவர் கயிற்றை விட்டுவிட்டாலோ, கயிறு அவர் பக்கம் ஓடிவிடும்; மற்றவர் எவ்வளவு உறுதியாகப் பிடித்திருந்தும் பயனில்லை. டிஃபரன்ஷியலும் அப்படியே. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது விர்ரென்று சுழலும். உறுதியான பாறைமேல் நிற்கும் மறு சக்கரம் அசையாமல் நிற்கும். லாக்கர் என்பது, கயிற்றைக் கப்பியோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போடுவதற்கு ஒப்பானது. அதன்பின் ஒரு முனையை விட்டாலும் மறுமுனை தூக்கும்.

“நம்முடையது ஃபோர் வீல் டிரைவ் வண்டியாயிற்றே, நான்கு சக்கரமும் இழுக்குமே” என்று சிலர் கேட்பர். வாதியில் ஒரு பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கும்போது முன்பக்க இடச் சக்கரமும் பின்பக்க வலச் சக்கரமும் ஒரே வேளையில் தரையை விட்டு எழும்புவதுண்டு. அப்போது முன் அச்சின் வலிமையெல்லாம் தொங்கும் முன் சக்கரத்தில் வீணாகும். பின் அச்சின் வலிமையெல்லாம் தொங்கும் பின் சக்கரத்தில் வீணாகும். நான்கு சக்கர இழுவை என்று பெயரிருந்தும் வண்டி ஓரங்குலம் நகராது. பின் அச்சில் மட்டும் ஒரு லாக்கர் இருந்தால், ஓட்டுநர் வேகமெடுத்து மோதாமல், நடக்கும் வேகத்திலேயே அந்தப் பள்ளத்தை ஏறிக் கடந்துவிடலாம். பின் இருக்கையில் கைக்குழந்தையோடு அமர்ந்திருக்கும் தாய்க்கு இதுதான் பெரிய நன்மை. லாக்கர் இல்லாதவர் வேகத்தால் சாதிக்க முயலும் இடத்தை லாக்கர் உள்ளவர் நிதானத்தால் கடக்கிறார்.

உங்களுக்கு இது தேவைதானா?

அண்மைக் காலத்து வண்டிகள் பலவற்றில் டிராக்ஷன் கண்ட்ரோல் என்ற மின்னணு ஏற்பாடு கம்பெனியிலிருந்தே வருகிறது. வெற்றாகச் சுழலும் சக்கரத்தை அது பிரேக்கால் பிடித்துக்கொள்ள, மறு சக்கரத்துக்கு வலிமை போய்ச் சேரும். சக்கரம் சுழன்ற பிறகுதான் அது விழித்துக்கொள்ளும் என்பதும், நெடுநேரம் வேலை கொடுத்தால் பிரேக் சூடேறும் என்பதும் உண்மையே. ஆயினும் மாதம் ஒரு முறை வாதிக்குச் செல்லும் குடும்பத்துக்கு அது போதும் என்பதே என் கருத்து. அத்தகைய வண்டியை வைத்துக்கொண்டு லாக்கருக்குப் பணம் செலவிடுவோர், நண்பர்களின் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டவர்களாகத்தான் பெரும்பாலும் இருப்பர். இந்த வசதி இல்லாத பழைய பேட்ரோல், பழைய லேண்ட் குரூசர், பழைய ராங்ளர் போன்றவற்றை வைத்திருப்போர் பின் அச்சுக்கு ஒரு லாக்கர் பற்றி நினைப்பதில் பொருளுண்டு. முன் அச்சுக்கும் வேண்டும் என்பவர் பாறை ஏறுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவராக இருக்க வேண்டும்.

வாங்குமுன் இன்னொன்றையும் பாருங்கள். சில வண்டிகளில் லாக்கர் கம்பெனியிலேயே பூட்டப்பட்டிருக்கும். மெர்சிடிஸ் ஜீ வண்டி, ஜீப் ராங்ளரின் ரூபிகான் வகை, சில லேண்ட் குரூசர்கள், சில பேட்ரோல்கள் ஆகியன அப்படிப்பட்டவை. நம் நாட்டில் ஃபோர்ஸ் கம்பெனியின் கூர்க்கா வண்டியும் முன்பின் இரு லாக்கர்களோடு வந்ததுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே அத்தகைய வண்டியைத் தேடிப் பிடித்தால் பட்டறைச் செலவு மிச்சம்.

இரு குணங்கள்

வெளியே வாங்கிப் பூட்டும் லாக்கர்களைப் பொதுவாக இரண்டு குலமாகப் பிரிக்கலாம். ஒன்று, ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் மட்டுமே பூட்டிக்கொள்வது. மற்றொன்று, யாரும் சொல்லாமலே தானாகப் பூட்டிக்கொள்வது.

முதல் குலத்தில் பெயர் பெற்றது ஏ.ஆர்.பி. ஏர் லாக்கர். 1975-ல் மெல்போர்ன் நகரில் தொடங்கிய ஏ.ஆர்.பி. என்னும் ஆஸ்திரேலிய நிறுவனம், இந்தக் காற்றுப் பூட்டின் உரிமையை 1987-ல் அதே நாட்டைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து வாங்கி உலகெங்கும் பரப்பியது. பானெட்டின் கீழோ இருக்கையின் அடியிலோ ஒரு சிறு கம்ப்ரசர். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அச்சுக்குள் செல்லும். பொத்தானை அழுத்தினால் காற்று பாய்ந்து உள்ளேயுள்ள வளையத்தைத் தள்ளி இரு சக்கரங்களையும் ஒன்றாக்கும். பொத்தானை எடுத்துவிட்டால் பழையபடி சாதாரண டிஃபரன்ஷியல். காற்றுக்குப் பதில் மின்காந்தத்தால் இயங்கும் லாக்கர்களும் உண்டு.

இரண்டாம் குலத்தின் மூத்தவர் டெட்ராய்ட் லாக்கர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவ லாரிகளில் உழைத்த பரம்பரையில் வந்தது. கூண்டையே மாற்றாமல், அதனுள்ளிருக்கும் சிறு பல்சக்கரங்களை மட்டும் எடுத்துவிட்டுப் பொருத்தும் மலிவான தானியங்கி லாக்கர்களும் இக்குலத்தைச் சேர்ந்தவையே. ஏர் லாக்கர் ஒன்றின் விலை கூலி நீங்கலாக ஆயிரம் அமெரிக்க டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். உள்ளே பொருத்தும் மலிவு வகை அதில் பாதிக்கும் குறைவு. இங்கேதான் பலர் சறுக்கிவிடுகிறார்கள். விலை வேறுபாட்டைப் பார்க்கிறார்களே தவிர, வண்டியின் குணம் என்னவாகும் என்பதைப் பார்ப்பதில்லை.

(டிஃபரன்ஷியலின் பற்களை வெல்டிங் வைத்து நிரந்தரமாக ஒட்டித் தருவதாகச் சில பட்டறைகளில் சொல்வார்கள். அது பந்தயக்காரர் வேலை. குடும்ப வண்டிக்கு அதைச் செய்யச் சம்மதிக்காதீர்கள்.)

தானியங்கி லாக்கரோடு ஒரு வாரம்

தானியங்கி லாக்கர் எப்போதும் பூட்டிய நிலையில்தான் இருக்கும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் முந்தி ஓட முற்படும்போது மட்டும் அந்தப் பக்கத்துப் பற்கள் விலகி வழிவிடும். திருப்பம் முடிந்ததும் மீண்டும் கவ்வும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. வீட்டில் அது எப்படி இருக்கும் தெரியுமா?

சனிக்கிழமை மாலை லூலூ மார்க்கெட்டின் அடித்தள வாகன நிறுத்துமிடத்தில் வண்டியை வளைத்து நிறுத்துகிறீர்கள். பின்பக்கத்திலிருந்து கடிகாரம் போல் ‘டிக், டிக், டிக்’ என்று ஓசை. திடீரென்று ‘டங்’ என ஓர் அடி. அருகில் நடப்பவர் திரும்பிப் பார்ப்பார். பின் இருக்கையிலிருந்து, “வாப்பா, வண்டி உடைந்துவிட்டதா?” என்று பிள்ளை கேட்பான். ஒன்றும் உடையவில்லை, விலகிய பற்கள் மீண்டும் சேர்ந்த ஓசைதான் அது. வழவழப்பான தரையில் டயரும் கிறீச்சிடும். ஓட்டியவருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். கூட வரும் மாமியாருக்குப் பழக இன்னும் சில வாரங்கள் ஆகலாம்.

ஓசை பொறுத்துக்கொள்ளக் கூடியதே. அதைவிட முக்கியமானது வண்டி நடந்துகொள்ளும் விதம். நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்பாகம் ஒரு பக்கம் லேசாக நகரும். காலை எடுத்தால் மறுபக்கம் நகரும். நீளம் குறைந்த வண்டிகளில், அதிலும் கையால் கியர் மாற்றும் வண்டிகளில், இது நன்றாகவே தெரியும். வளைவில் அழுத்தம் கொடுத்தால் இரு பின் சக்கரங்களும் ஒன்றுபட்டு வண்டியை நேரே தள்ளப் பார்க்கும். அனுபவப்பட்டவர் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவு முழுதும் காலை ஒரே நிலையில் வைத்திருந்து, நேரான பின்பே அழுத்துவார். பின் டயர்கள் தேய்வதும் கூடுதல்தான். இடப்பக்கம் புது டயரும் வலப்பக்கம் தேய்ந்த டயரும் இருந்தால் அல்லது காற்றின் அளவு இரு பக்கமும் வேறுபட்டால், லாக்கருக்கு அது ஓயாத திருப்பம் போலத் தோன்றி வண்டியை ஒரு பக்கம் இழுக்கும். பஞ்சரான நேரத்தில் வேறு அளவுள்ள ஸ்டெப்னியைப் பூட்டி இரு நூறு கிலோமீட்டர் ஓட்டுவதை இந்த வண்டியில் நினைத்தும் பார்க்கக் கூடாது.

இதில் உயிரோடு விளையாடும் இடம் ஒன்று உண்டு. மாதக்கணக்கில் மழையே காணாத வளைகுடாச் சாலைகளில் புழுதியும் எண்ணெயும் ரப்பர்த் துகளும் படிந்து கிடக்கும். ஆண்டின் முதல் தூறல் விழுந்ததும் தரை சோப்பு பூசியது போலாகும். அந்த வேளையில் ஒரு ரவுண்டானாவில் திரும்பியபடியே ஆக்சிலரேட்டரை அழுத்தினால் என்ன ஆகும்? சாதாரண வண்டியில் ஒரு பின் சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலும். மற்றொன்று தரையைப் பற்றிக்கொண்டு வண்டியின் பின்பாகத்தைக் காப்பாற்றும். தானியங்கி லாக்கர் உள்ள வண்டியில் இரண்டும் சேர்ந்தே வழுக்கும். பக்கவாட்டில் பிடித்து நிறுத்த ஒரு சக்கரமும் மிஞ்சாது. பின்பாகம் வெளியே வீசிக்கொண்டு போகும்.

வார நாட்களில் அந்த வண்டியைப் பள்ளிக்கு ஓட்டிச் செல்பவர் உங்கள் மனைவியா? புதிதாக லைசென்ஸ் எடுத்த மகனா? விடுமுறைக்கு வந்த மைத்துனர் கேட்டால் சாவியைக் கொடுத்துவிடுவீர்களா? அப்படியென்றால் தானியங்கி லாக்கர் உங்கள் வீட்டுக்கு உரியதன்று. ஒருவர் மட்டுமே ஓட்டும் இரண்டாவது வண்டி, மலைக்கென்றே ஒதுக்கிய வண்டி என்றால் கதை வேறு. அதன் எளிமையை யாரும் குறை சொல்ல முடியாது. குழாயில்லை, கம்பியில்லை, பொத்தானில்லை. பள்ளத்தில் அது மறப்பதுமில்லை.

பொத்தான் உள்ள லாக்கர்

பொத்தான் வகை வீட்டுக்கு இசைவானது என்றேன். தார்ச்சாலையில் அது இருப்பதே தெரியாது. ஆனால் பொத்தான் என்று ஒன்று இருந்தால் அதைத் தவறான வேளையில் அழுத்தவும் ஆள் இருப்பார்கள் அல்லவா? சிறு விரல்களுக்கு எட்டாத இடத்தில், மூடியுள்ள சுவிட்சாக அதை வைக்கச் சொல்லுங்கள். பூட்டியிருப்பதைக் காட்டும் விளக்கு கண்ணுக்கு நேரே எரிய வேண்டும். வண்டியை ஓட்டும் ஒவ்வொருவருக்கும், மனைவிக்கும் சேர்த்தே, ஒரு முறை வெட்டவெளியில் அழைத்துச் சென்று காட்டிவிடுங்கள். பூட்டிய நிலையில் ஸ்டீயரிங் எப்படிக் கனக்கிறது, வண்டி எப்படித் திரும்ப மறுக்கிறது என்பதைக் கையால் உணர்ந்தவர் பிறகு மறக்கமாட்டார்.

பூட்டும் நேரம் சிக்குவதற்கு முன்பு, சக்கரங்கள் நின்றோ ஊர்ந்தோ இருக்கும் வேளை. ஒரு சக்கரம் பேய்வேகத்தில் சுழலும்போது பொத்தானை அழுத்துவது, ஓடும் மின்விசிறியில் கையை நுழைப்பது போன்றது; உள்ளேயுள்ள பற்கள் தாங்கா. முதலில் பின் அச்சு. அதனாலும் முடியாதபோதுதான் முன் அச்சு. முன் அச்சைப் பூட்டிய பின் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்பக்கத்து மூட்டு உடையும். தடை தாண்டியதும் உடனே விடுவித்துவிட வேண்டும். பொத்தானை எடுத்த பிறகும் சில நேரம் பற்கள் இறுகிக்கொண்டு விலகாமல் நிற்கும். சற்றுப் பின்னால் எடுத்தோ, நேராகச் சிறிது தூரம் சென்றோ பாருங்கள், விலகிவிடும். விளக்கு அணைந்ததை மட்டும் நம்பித் தார்ச்சாலையில் ஏறாமல், மண்ணிலேயே ஒரு முறை வளைத்துப் பார்த்துவிட்டு ஏறுவது நல்லது.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். என்ஜின் தரும் முறுக்கு 300 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை 4 மடங்காக்கும். லோ கியர் 2.5 மடங்காக்கும், டிஃபரன்ஷியல் மீண்டும் 4 மடங்காக்கும். ஆக 40 மடங்கு. 12,000 நியூட்டன் மீட்டர். சாதாரணமாக இது பங்கிடப்பட்டே ஒவ்வோர் ஆக்சிலுக்கும் போகும். லாக்கர் பூட்டி, ஒரே ஒரு சக்கரம் மட்டும் பாறையைப் பற்றியிருக்கும்போது இவ்வளவையும் ஓர் ஆக்சிலே தாங்க நேரலாம். பென்சில் முறிவது போல் அது முறிவதை மலைக்குச் செல்வோர் அறிவர். ஆகவே காலின் அடக்கமே ஆக்சிலின் ஆயுள்.

மணலும் சரிவும் நீரும்

மணல் மேடுகளுக்கு மட்டுமே செல்பவர்களுக்கு ஒரு செய்தி. மணலில் முதல் உதவி டயரின் காற்றைக் குறைப்பதே. சாலையில் 35 என்றிருக்கும் அளவை 15-க்கு இறக்கினால் டயர் ஒட்டகத்தின் பாதம் போல் விரிந்து மணல்மேல் மிதக்கும். இதைச் செய்யாமல் லாக்கரைப் பூட்டினால் இரு சக்கரங்களும் சேர்ந்து குழி தோண்டும், அவ்வளவுதான். பூட்டிய வண்டி மணலில் திரும்பவும் தயங்கும். சிக்கிய இடத்திலிருந்து மெல்லப் புறப்படும் அந்தச் சில மீட்டருக்கு லாக்கர் உதவும், பிறகு விடுவித்துவிடலாம்.

ஏர் லாக்கர் பூட்டியவர்களுக்கு இங்கே ஓர் உபரி நன்மை கிடைக்கிறது. அந்தக் கம்ப்ரசரிலேயே ஒரு குழாயைச் செருகி, திரும்பும்போது நான்கு டயருக்கும் காற்று நிரப்பிக்கொள்ளலாம். லாக்கரைவிட இந்தக் கம்ப்ரசரைத்தான் பல குடும்பங்கள் அதிகம் பயன்படுத்துகின்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

பக்கச் சரிவு வேறு வகை. ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக உள்ள மணற்சரிவிலோ ஈரக் களிமண்ணிலோ குறுக்கே செல்லும்போது லாக்கர் பூட்டியிருக்கக் கூடாது. ரவுண்டானாவுக்குச் சொன்ன காரணமே இதற்கும். இரு சக்கரங்களும் ஒன்றாக வழுக்கினால் வண்டி பள்ளத்துப் பக்கம் நழுவும். மலைப்பாதையின் விளிம்பில் நழுவுவதற்கு இடமிருக்காது.

நீரைப் பற்றிக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். லாக்கர் பூட்டிய பின் சிலருக்குத் தம் வண்டி எதையும் கடக்கும் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. லாக்கர் தரையைப் பற்றும் சக்கரத்துக்கு மட்டுமே உதவும். ஓடும் வெள்ளம் வண்டியைத் தூக்கிவிட்டால் நான்கு சக்கரமும் அந்தரத்தில்தான். இரண்டடி ஆழமுள்ள ஓட்டம் பெரிய வண்டிகளையும் அடித்துச் செல்லப் போதுமானது. 2024 ஏப்ரலில் ஓமானின் சமத் அல் ஷான் பகுதியில் வெள்ளத்தில் அகப்பட்ட வாகனத்தில் பள்ளிப் பிள்ளைகள் உயிரிழந்த துயரம் நம் நெஞ்சை விட்டு நீங்காது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023-ல் அறிவிக்கப்பட்ட விதிப்படி, வெள்ளம் ஓடும் வாதிக்குள் எவ்வளவு ஆழமானாலும் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம் அபராதம், 23 கரும்புள்ளிகள், 60 நாட்கள் வண்டி முடக்கம். மேலே வானம் தெளிவாக இருக்கும்போதே, எங்கோ மலையுச்சியில் பெய்த மழை வாதியில் வந்து சேர்வதுண்டு. மலைமேல் மேகம் கறுத்திருந்தால் பாயைச் சுருட்டிவிட வேண்டும். வண்டியில் என்ன பூட்டியிருக்கிறது என்பது அப்போது ஒரு பொருட்டே அன்று.

தனி வண்டியாகச் செல்வதும் வேண்டாம். லாக்கர் உள்ள வண்டி சிக்கும்போது, லாக்கர் இல்லாத வண்டி சிக்கும் இடத்தைவிட இன்னும் உள்ளே போய்த்தான் சிக்கும். அங்கே தொலைபேசிக்குச் சிக்னலும் இராது; இழுக்க வரும் வண்டியால் அவ்வளவு தூரம் வரவும் முடியாமல் போகலாம். இதைக் கருதியே அனுபவசாலிகள், ஏறும்போது லாக்கரைப் பூட்டாமல் முயன்று, முடியாத இடத்தில் ‘இதோடு போதும்’ என்று திரும்பி விடுகிறார்கள். லாக்கரைத் திரும்பி வருவதற்கென்று கைவசம் வைத்துக்கொள்கிறார்கள். குடும்பத்தோடு செல்பவருக்கு இதைவிட நல்ல வழக்கம் எனக்குத் தெரியவில்லை.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

ஷார்ஜாவின் தொழிற்பேட்டையிலும் மஸ்கட்டின் வாதி கபீரிலும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் பல நாட்டவர் இருக்கிறார்கள். ஆனால் என்ஜின் வேலை அறிந்த கை டிஃபரன்ஷியல் வேலையும் அறிந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று கடிக்கும் இடைவெளி மயிரிழை அளவில் சரியாக அமைய வேண்டும். அதை டயல் கேஜ் என்னும் அளவுகோலால் பார்த்தே பூட்ட வேண்டும். கண் மதிப்பில் பூட்டினால் சில நாட்களில் ஊளையிடும் ஓசை எழும். பிறகு பற்கள் தின்றுபோகும். ‘டயல் கேஜ் வைத்துப் பார்ப்பீர்களா?’ என்று முதலிலேயே கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு பட்டறை தேடுங்கள். புது வண்டியானால் வாரண்டி என்னவாகும் என்று விற்பனையாளரிடமும், காப்பீடு செல்லுமா என்று காப்பீட்டுக் கம்பெனியிடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது உத்தமம்.

பூட்டிய பின், முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் டிஃபரன்ஷியல் எண்ணெயை மாற்றிவிடுங்கள். புதுப் பற்கள் உதிர்த்த துகள்கள் அதில் வந்துவிடும். தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயையே ஊற்ற வேண்டும். ஏர் லாக்கரில் கம்ப்ரசர் அடிக்கடி தானாக ஓடினால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். பொத்தானை விடுவிக்கும்போது வால்வின் வாயில் எண்ணெய் துப்பினால் உள்ளேயுள்ள ரப்பர் சீல் தேய்ந்திருக்கலாம். மலைக்குச் செல்லும் முந்திய நாள், வீட்டு வாசலிலேயே ஒரு முறை பூட்டி விடுவித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் அழுத்தாத பொத்தான் வேண்டிய வேளையில் வேலை செய்யாமல் போவதுண்டு. அச்சின் மேல் ஓடும் மெல்லிய காற்றுக் குழாய் சைலென்சரில் பட்டு உருகியிருக்கிறதா, கல்லடி பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் நாளில் வண்டியை விற்பீர்கள். வாங்குபவர் அது சாதாரண வண்டி என்று எண்ணி வாங்கக் கூடும். குறிப்பாகத் தானியங்கி லாக்கர் என்றால், பூட்டியிருப்பதையும் மழையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் விலை பேசுமுன்பே சொல்லிவிடுவது உங்கள் கடமை. விற்கும் பொருளின் நிலையை மறைப்பது நமக்கு ஆகுமானதன்று. பொருத்திய பட்டறையின் பில்லையும் லாக்கரோடு வந்த கையேட்டையும் அவரிடம் கொடுங்கள். லாக்கர் பூட்டும்போது கழற்றிய பழைய பல்சக்கரங்களை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருந்தீர்களானால், அந்தப் பொட்டலத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் அவர் பழையபடி மாற்றிக்கொள்ள அது உதவும்.